யோர்தான் கரையில் அல்ல

ரெத்தினதாஸ் சார்,

ஆனந்தபாய் மாமியின் கல்லறைக் கல்லில் வெட்டுவதற்காக நீங்கள் எழுதித் தந்த வாசகத்தைத் தட்டச்சு செய்துவிட்டேன். எழுத்தின் அளவு நீங்கள் கேட்டபடியே இருக்கிறது. ஒரு தகவல் மட்டும் தவறு. ‘யோர்தான் நதிக்கரையில் கர்த்தருக்குள் இளைப்பாறினார்’ என்று எழுதியிருக்கிறீர்கள். மாமி யோர்தான் நதியைப் பார்க்கவே இல்லை. அவள் இறந்த இடத்திலிருந்து நதிக்கு பஸ்ஸில் ஒரு மணி நேரமாவது போக வேண்டும்.

மலையாளத்தில் வெட்டுவதா தமிழில் வெட்டுவதா என்று நம் சபைக் கமிட்டி மூன்று வாரம் பேசியதாகக் கேள்விப்பட்டேன். எங்கே இறந்தாள் என்று அதில் ஒரு நிமிடம் பேசியிருக்கலாம். நம் ஊரான கொல்லயிலில் யாருக்கும் அந்தக் கேள்வி தோன்றவில்லை என்பதில் எனக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை. புனித பூமிக்குப் போன ஒரு விதவை அங்கேயே கண்ணை மூடினாள் என்றால் நம் ஆட்களுக்கு அது போதும். மீதியை அவர்களே இட்டுக்கட்டிக்கொள்வார்கள்.

நெய்யாற்றின்கரை கோர்ட்டுக்கு எதிரே இருக்கும் டைப்பிங் சென்டரில்தான் நான் வேலை செய்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். நாள் முழுவதும் பிறருடைய வாக்குமூலங்களைத் தட்டச்சு செய்கிறேன். வரப்புத் தகராறு, ரப்பர் மரம் வெட்டியது, தம்பி அண்ணனை மண்வெட்டியால் அடித்தது. எல்லோரும் ஒரே மாதிரித்தான் பொய் சொல்வார்கள். நடந்ததைச் சொல்லிவிடுவார்கள், அப்போது மனதில் என்ன இருந்தது என்பதை மறைத்துவிடுவார்கள். நான் இரண்டையும் சொல்கிறேன். கல் வெட்டுவதற்குள் சொல்லிவிடுவது நல்லது.

நான் என்ன மாதிரியான ஆள் என்று முதலில் சொல்ல வேண்டும். பெருங்கடவிளை நூலகத்தில் மொழிபெயர்ப்பு நாவல்களுக்கு ஒரு அலமாரி உண்டு. அதில் பாதிப் புத்தகங்களில் கடைசியாக எடுத்தவன் நான்தான். மீதிப் பாதியை யாருமே எடுத்ததில்லை. பனி விழும் ஊர்களின் தெருப் பெயர்கள் எனக்குத் தெரியும். பாறசாலை ஸ்டேஷனுக்குப் பின்னால் போகும் ரோட்டின் பெயர் தெரியாது; தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை. பதினேழு வயதில் ஒரு நாவலில் ஒரு பக்கம் படித்தேன். ரோமர்கள் கட்டிய ஒரு பழைய கல் அரங்கம். மேலே கூரை இல்லை. ஆயிரக்கணக்கானவர்கள் படிகளில் உட்கார்ந்து ஓப்பரா என்ற இசை நாடகத்தைக் கேட்கிறார்கள். மைக் கிடையாது. பாடுகிறவளின் மூச்சு கடைசிப் படிவரை வருகிறது. அந்தப் பக்கத்தைப் படித்த அன்று நான் சாப்பிடவில்லை. எனக்கென்று இந்த உலகத்தில் ஒரு இடம் இருக்குமானால் அந்தப் படிகளில்தான் என்று முடிவு செய்தேன்.

அதற்குப் பிறகு ஒன்பது வருடம் கொல்லயிலில் இருந்தேன்.

சபையின் புனிதப் பயணத்துக்கு மாமி பெயர் கொடுத்தபோது, துணைக்கு என்னை அனுப்பியது மாமியின் மகள் அஜிஷா. அவள் அயர்லாந்தில் நர்ஸ். மாமி என் அப்பாவின் அக்கா, எழுபத்தொரு வயது, இருபது வருடமாகச் சர்க்கரை நோய், காலையும் மாலையும் இன்சுலின் ஊசி. அஜிஷா வீடியோவில் எனக்கு ஒரு மணி நேரம் பாடம் எடுத்தாள்.

“அகிலே, அம்மாக்க ஊசி ஒரு நேரம்கூட தெத்தப்பிடாது. ஊசி போட்டா அரை மணிக்கூறுக்குள்ள சாப்பிடணும். சாப்பிடல்லேன்னா சுகர் எறங்கிப் போவும். வேர்த்தாலோ, கை விறைச்சாலோ, தொடர்பு இல்லாம பேசினாலோ, வேற ஒண்ணும் யோசிக்காத. ஒடனே மிட்டாயோ சீனித்தண்ணியோ குடு. இல்லேன்னா ஆளு போயிரும், கேட்டியா.”

கேட்டேன். காகிதத்தில் எழுதியும் வைத்தேன். அந்தக் காகிதம் இப்போதும் என்னிடம் இருக்கிறது. எனக்குத் தெரியாமல் நடந்துவிட்டது என்று யாரும் எனக்காகப் பரிந்து பேச வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

நீங்கள் முட்டுவலி என்று வரவில்லை. வந்திருந்தால் நாற்பத்திரண்டு பேரில் நீங்களும் ஒரு ஆரஞ்சுத் தொப்பி போட்டிருப்பீர்கள். நம் ஆட்கள் எகிப்தின் பிரமிடைப் பார்த்து முதலில் கேட்டது, கழிவறை எங்கே என்று. சீனாய் மலையடிவாரத்தில் ஏத்தங்காய் சிப்ஸ் பொட்டலத்தைப் பிரித்தார்கள். மாங்காய் ஊறுகாய் பஸ்ஸில் சிந்தியது. ஒவ்வொருவர் பையிலும் யோர்தான் தண்ணீர் பிடிக்க இரண்டு காலி பாட்டில்கள். நாலாயிரம் வருடச் சரித்திரத்தின் நடுவே இவர்கள் நெய்யாற்றின்கரை சந்தையில் நடப்பதுபோல நடந்தார்கள். நான் பஸ்ஸின் பின் சீட்டில், இவர்களுக்கும் எனக்கும் சம்பந்தமில்லை என்று பார்த்தவுடன் தெரிகிற மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

ஏழாம் நாள் ஜோர்தான் நாட்டின் தலைநகரமான அம்மானுக்கு வந்தோம். மறுநாள் காலை நதிக்குப் போவதாகத் திட்டம். அன்று மதியம் ஊருக்கு நடுவில் இருக்கும் ரோமர் காலத்து அரங்கத்தைக் காட்டினார்கள். மலையின் வயிற்றைக் குடைந்து கட்டிய படிகள். ஆறாயிரம் பேர் உட்காரலாம். வழிகாட்டி தரையில் ஒரு கல்லைக் காட்டினான். அங்கே நின்று பேசினால் மேல் படிவரை கேட்கும். உடனே நம் பாடகர் குழுத் தலைவர் ஞானசிகாமணி அந்தக் கல்லில் ஏறி நின்று ஒரு கீர்த்தனையை எடுத்துவிட்டார். கீழே ஆரஞ்சுத் தொப்பிகள் கைதட்டின. வெள்ளைக்காரர்கள் இரண்டு பேர் படம் எடுத்தார்கள். நான் ஒரு தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

“சத்தத்துக்கு என்ன எடுப்பு பாத்தியாலே,” என்றார் ஞானசிகாமணி, வியர்வையைத் துடைத்துக்கொண்டே. “நம்ம சபைக்கு இதுபோல ஒண்ணு கெட்டினா போரும். சவுண்ட் சிஸ்டம் வாங்க இந்த அடிபிடி ஒண்ணும் வேண்டாம்.”

வாசலில் ஒரு சுவரொட்டி இருந்தது. அன்று இரவு எட்டரை மணிக்கு, அதே அரங்கத்தில், ஓப்பரா. அந்த வருடத்தில் அந்த ஒரு இரவு மட்டும்.

அந்தச் சுவரொட்டிக்கு முன்னால் நான் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. டூர் மேனேஜர் பினு வந்து தோளில் தட்டினான். “எட்டு மணிக்கு சாப்பாடு, காலம்பற ஆறு மணிக்கு பஸ். ராத்திரி ஒருத்தரும் வெளிய எறங்கண்டாம், கேட்டியா.” நான் சரி என்றேன். ஒரு நாட்டின் தலைநகரத்துக்கு வந்து எட்டு மணிக்குச் சாப்பிட்டுப் படுக்கிறவர்களோடு வாதம் செய்வதில் அர்த்தம் இல்லை.

மாமி அன்று மதியச் சாப்பாட்டை முடித்ததும் உபவாசம் தொடங்கியிருந்தாள். யோர்தானில் முங்கி எழும்வரை பச்சைத்தண்ணீர் தவிர ஒன்றும் தொடுவதில்லை என்று நேர்ந்திருந்தாள். மாலை ஏழரை மணிக்கு, அறையில் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, வழக்கம்போல இன்சுலின் ஊசியை எடுத்தாள்.

“சாப்பிடல்லேன்னா ஊசி எதுக்கு மாமி?” என்று கேட்டேன். இதைக் கேட்டேன் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

“ஊசி அஜிஷாவுக்கு. உபவாசம் ஆண்டவருக்கு,” என்று சிரித்தாள். “ரெண்டு பேரையும் பெணக்கப்பிடாதில்லியா மக்கா.”

நம் சபையில் இந்தப் பதிலைச் சொல்லக்கூடிய பெண்கள் இன்னும் முப்பது பேர் இருப்பார்கள். ஒரு மருந்து என்ன செய்கிறது என்று இருபது வருடத்தில் ஒருமுறைகூட யோசித்துப் பார்க்காதவர்கள். ஊசி ஒரு கீழ்ப்படிதல், பட்டினி இன்னொரு கீழ்ப்படிதல். இரண்டையும் கூட்டினால் இரட்டிப்புப் புண்ணியம். இந்தக் கணக்கில் உள்ள பிழையைத் திருத்த எனக்கு இரண்டு வாக்கியம் போதும். ஊசியை நிறுத்தியிருக்கலாம், அல்லது சாப்பிட வைத்திருக்கலாம்.

ஊசியை நிறுத்தினால் இரவு ஒன்பது மணிக்கு அஜிஷா வீடியோவில் கேட்பாள். சாப்பிட வைப்பதென்றால் ஹோட்டலில் எட்டு மணிக்குத்தான் கதவைத் திறப்பார்கள். மாமி ஒரு சப்பாத்தி தின்ன முக்கால் மணி நேரம் ஆகும். பல்செட்டைக் கழுவ இன்னொரு கால் மணி. ஓப்பரா எட்டரைக்கு. இதை எல்லாம் ஊசி உள்ளே போகும் நேரத்துக்குள் யோசித்து முடித்தேன்.

“நேர்ந்தா நேர்ந்ததுதான் மாமி,” என்றேன். “முறிக்கப்பிடாது.”

அவளை ஏன் கூட்டிக்கொண்டு போனேன் என்று கேட்பீர்கள். நான் தனியாகப் போகத்தான் விரும்பினேன். கிறிஸ்துமஸ் கான்டாட்டா மாதிரி ஒரு பாட்டு நிகழ்ச்சி, பத்தரைக்குள் வந்துவிடுவேன் என்று சொன்னேன். அவள் உடனே சேலையை மாற்ற எழுந்தாள்.

“பாட்டாக்குமா? அப்போ நானும் வாறேன் மக்கா. இந்த ஓட்டல் முறிக்குள்ள ஒத்தைக்கு இரிக்க எனக்கு பயமாக்கும்.”

டிக்கெட் இரண்டும் அவள் காசில்தான்.

படிகள் முழங்கால் உயரம். அவளை மூன்றாம் அடுக்குவரை ஏற்ற இருபது நிமிடம் ஆனது. நான்கு இடங்களில் நின்றாள். நின்ற இடத்தில் எல்லாம், கீழே விளக்குப் போட்ட மேடையைப் பார்த்து, “எத்தன அழகு, எத்தன அழகு,” என்றாள். பக்கத்தில் வாசனைத் தைலம் பூசிய ஒரு குடும்பம் நகர்ந்து இடம் கொடுத்தது. மாமி அவர்களைப் பார்த்துக் கும்பிட்டாள். எனக்குக் காது சூடானது.

வாத்தியக்காரர்கள் சுருதி சேர்த்தார்கள். பிறகு தொடங்கியது. நான் ஒன்பது வருடம் காத்திருந்தது தொடங்கியது. கொஞ்ச நேரம் கழித்து மணியைப் பார்த்தேன். இருபது நிமிடம்தான் ஆகியிருந்தது. முன்வரிசையில் ஒரு வழுக்கைத் தலை விளக்கை மறைத்தது. நடுவில் பக்கத்துப் பள்ளிவாசலில் தொழுகை அழைப்பு கேட்டது. வாத்தியங்கள் மரியாதையாக நின்று, அது முடிந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தன. அந்த இடைவெளியில் மாமி தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு ஜெபம் செய்தாள்.

“அந்தப் பிள்ளைக்கு அவன்கிட்ட விருப்பம் உண்டு,” என்று பிறகு என் காதில் சொன்னாள். “அவனுக்க தகப்பன்காரன் சம்மதிக்கல்ல. அந்தத் தகப்பனே வந்து இவ காலு பிடிச்சான் பாத்தியா? பாவம், அதாக்கும் இவ விட்டுக்குடுத்துட்டு நிக்கா.” கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அப்படி எல்லாம் இல்லை, பேசாமல் இருங்கள் என்றேன். பிறகு கதைச் சுருக்கத்தைப் படித்துப் பார்த்தபோது அது ஏறக்குறைய சரியாகத்தான் இருந்தது. தற்செயல்.

இரண்டாம் அங்கத்தின் நடுவில் அவள் என் கையைத் தொட்டாள். அவள் விரல்கள் ஈரமாக இருந்தன. காற்று குளிர்ந்திருந்தது, நான் சட்டைக் கையை இறக்கிவிட்டிருந்தேன். அவள் நெற்றியில் வியர்வை வழிந்தது.

“மக்கா, கையெல்லாம் விறைக்குது.”

நான் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் மடியில் இருந்த பையைத் துழாவி ஒரு நாரங்கா மிட்டாயை எடுத்தாள். அஜிஷா சொல்லி நான் பாறசாலையில் வாங்கிய பாக்கெட். கை நடுங்கியதால் காகிதம் பிரியவில்லை. அந்தக் கண்ணாடிக் காகிதம் எழுப்பும் சத்தம் உங்களுக்குத் தெரியும். சாதாரண இடத்தில் அது ஒன்றுமில்லை. அந்த அரங்கத்தில் ஒரு பெண் மூச்சைப் பிடித்துத் தன்னந்தனியாகப் பாடிக்கொண்டிருக்கும்போது, அது ஓலை கிழிவதுபோலக் கேட்டது. வழுக்கைத் தலை திரும்பியது. தைலக் குடும்பம் திரும்பியது. அவர்கள் மாமியைப் பார்த்தார்கள். பிறகு, அவளைக் கூட்டிவந்தவன் யார் என்று என்னைப் பார்த்தார்கள். அவர்கள் கண்ணில் நானும் ஒரு ஆரஞ்சுத் தொப்பிதான்.

மிட்டாயை அவள் விரலிலிருந்து எடுத்தேன். பையையும் எடுத்து என் காலடியில் வைத்தேன்.

“உபவாசமில்லியா மாமி,” என்றேன். “விடியட்டு. யோர்தான்ல முங்கிட்டுத் தின்னலாம்.”

“அதும் சரிதான் மக்கா,” என்றாள்.

என் நியாயம் எளிமையானது. யோர்தான் நதி மறுநாளும் ஓடும், அதற்கு மறுநாளும் ஓடும். அந்தப் பாட்டு அந்த ஒரு இரவுதான். மாமிக்கு எழுபத்தொரு வருடம் கிடைத்திருந்தது. அதில் அவள் கொல்லயிலைவிட்டு வெளியே ஆசைப்பட்டது ஒரு பாட்டில் தண்ணீருக்குத்தான். எனக்கு ஒரு மாலை கிடைத்திருந்தது. படிக்கத் தெரிந்த எவனும் இதை எடைபோட்டுப் பார்த்தால் என் பக்கம்தான் சாயும்.

பத்து நிமிடத்தில் அவள் தொடர்பில்லாமல் பேசத் தொடங்கினாள். கோழிக்கூட்டை அடைத்தாயா என்று கேட்டாள். என்னை என் அப்பாவின் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். பிறகு, மேடையில் பாடுகிறவளோடு சேர்ந்து, ஒரு கீர்த்தனையை உரக்கப் பாடத் தொடங்கினாள். சுற்றிலும் ‘உஷ்’ என்றார்கள். நான் அவள் வாயைப் பொத்தினேன். மெதுவாகத்தான். அந்த அங்கம் முடியும்வரை கையை எடுக்கவில்லை.

இடைவேளையில் அவளைக் கீழே இறக்கினேன். ஒரு இளைஞன் இன்னொரு பக்கம் தாங்கிக்கொண்டான். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமா என்று ஆங்கிலத்தில் கேட்டான். வேண்டாம், களைப்பு மட்டும்தான் என்றேன். படிகளுக்கு அடியில், ரோமர்கள் கட்டிய வளைவான ஒரு கல் நடை இருக்கிறது. கூட்டம் உள்ளே வருவதற்கான வழி. இடைவேளை முடிந்த பிறகு அங்கே யாரும் வருவதில்லை. சுவரில் சாய்த்து உட்கார வைத்தேன். குளிருமே என்று அவள் சால்வையால் தலையோடு மூடினேன்.

“இங்க இரி மாமி. இப்ப வாறேன்.”

என் சட்டை நுனியை அவள் விரல்கள் பிடித்திருந்தன. ஒவ்வொன்றாக எடுத்துவிட வேண்டியிருந்தது. அஜிஷாவின் அழைப்பு வந்துகொண்டே இருந்தது. மாமி படுத்தாயிற்று, காலையில் கூப்பிடு என்று செய்தி அனுப்பிவிட்டு போனை அணைத்தேன். தொண்டை வறண்டிருந்ததால், படியேறும்போது பையிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.

முடிந்து வந்து பார்த்தபோது வைத்த இடத்திலேயே இருந்தாள். சால்வைகூடக் கலையவில்லை. துப்புரவுக்காரர் ஒருவர் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். ஆஸ்பத்திரியில் இதயம் நின்றுவிட்டது என்று எழுதினார்கள். யார் இறந்தாலும் அது நின்றுவிடத்தான் செய்கிறது. காற்று வாங்க நடந்தோம், மயங்கி விழுந்தாள் என்று பினுவிடம் சொன்னேன். அவன் கேட்டது ஒரே ஒரு கேள்வி: இன்சூரன்ஸ் பேப்பர் யார் பையில் இருக்கிறது என்று.

காலை ஆறு மணிக்கு பஸ் நதிக்குப் புறப்பட்டது. ஒரு நிமிடம்கூடத் தாமதம் இல்லை.

மீதி உங்களுக்குத் தெரியும். பெட்டி வந்தது. ஞானசிகாமணி குழிக்குள் ஒரு பாட்டில் யோர்தான் தண்ணீர் ஊற்றினார். போதகர் அரை மணி நேரம் பேசினார். கொடுத்து வைத்த சாவு என்று பெண்கள் பொறாமையோடு அழுதார்கள். அஜிஷா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, “நீ கூட இருந்தேல்லா, அது போரும் எனக்கு,” என்றாள். பரவாயில்லை என்றேன்.

மனசாட்சி உறுத்தி இதை எழுதுகிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நதிக்கரை என்ற அந்தப் பொய்தான் எனக்குத் தாங்கவில்லை. ஈராயிரம் வருடக் கற்களுக்கு அடியில், தலைக்கு மேலே ஓப்பரா நடந்துகொண்டிருக்கும்போது, அவள் இறந்தாள். கொல்லயிலில் யாருக்கும் அப்படி ஒரு சாவு வந்ததில்லை. அதை நான்தான் அவளுக்குக் கொடுத்தேன். ஊசியைத் தடுக்காமலும், மிட்டாயைப் பிடுங்கி வைத்தும், வாயைப் பொத்தியும், அந்த நடையில் தனியாக விட்டும். இதற்குக் கொலை என்று பெயரா என்று என்னிடம் கேட்டால், ஆம் என்று தட்டச்சு செய்து கையெழுத்தும் போடுவேன். எதற்காகச் செய்தேன் என்பதுதான் முக்கியம்.

அதற்காகத்தான் மூன்றாம் அங்கத்தை இங்கே உங்களுக்கு விவரித்து எழுதலாம் என்று நினைத்தேன். நேற்று முழுவதும் முயன்றேன். பாடகியின் மூச்சு கடைசிப் படிவரை வந்தது என்று எழுதினேன்; வாசித்துப் பார்த்தால் அது பதினேழு வயதில் படித்த அந்தப் பக்கம். அடித்துவிட்டு வேறு எழுதினேன். அதுவும் அந்தப் பக்கம்தான். வாக்குமூலம் என்று உட்கார்ந்துவிட்டு இதை மறைத்தால் நானும் கோர்ட்டுக்கு வருகிறவர்களைப் போலத்தான்.

மிட்டாய் கரைவதற்குள் நான் தூங்கிவிட்டேன். பக்கத்தில் இருந்தவர் தோளைத் தொட்டபோதுதான் விழித்தேன். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தார்கள். நானும் எழுந்து நின்று, மற்றவர்கள் நிறுத்திய பிறகும் கைதட்டினேன்.

இதற்கு மேலே எழுதியதை எல்லாம் நீங்கள் கமிட்டியில் வைக்கலாம்; போலீஸில் கொடுக்கலாம்; ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அஜிஷா முன்னாலேயே நின்று வாசிக்கலாம். எனக்கு ஆட்சேபனை இல்லை. தூங்கிவிட்டேன் என்பதை மட்டும் தயவுசெய்து யாரிடமும் சொல்ல வேண்டாம்.